பழைய படங்களும் நம் கடை வாசலும்



சென்ற மாதம் மடுகரையில் நம் கிடங்கை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டி அகப்பட்டது. உள்ளே பதினேழு வீடியோ கேசட்டுகள், கொஞ்சம் சி.டி.க்கள். "பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா ஐயா?" என்று கடைப் பையன் கேட்டான். சரி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மளிகைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். சம்பந்தம் இருக்கிறது.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் கலர் டி.வி. வந்தது. பின்னாலேயே 'டெக்' வந்தது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா எதுவானாலும் ஒரு டி.வி., ஒரு டெக், மூன்று கேசட் என வாடகைக்கு எடுத்து வந்து, தெருவில் பாய் விரித்து விடிய விடியப் பார்ப்போம். முதலில் புதுப்படம். அடுத்து எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ. விடியற்காலையில் ஓர் இங்கிலீஷ் படம். 'பென்ஹர்' தேர்ப் பந்தயத்தையும் 'மெக்கன்னாஸ் கோல்டு' குதிரைகளையும் நம் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் கண்டார்கள். அதற்கு முன்பெல்லாம் டூரிங் கொட்டகையை விட்டுப் போன படம் போனதுதான். விநியோகஸ்தர் மனம் வைத்துப் பெட்டி அனுப்பினால்தான் மறுபடி வரும். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் காட்ட முடிந்தது கேசட்டால்தான்.

இதைக் கண்டு ஹாலிவுட் முதலாளிகளே பயந்தார்கள். வீட்டில் படத்தைப் பதிவு செய்யும் கருவி தொழிலைக் கெடுத்துவிடும் என்று யுனிவர்சல், டிஸ்னி நிறுவனங்கள் சோனி மீது வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு நடந்தது என்ன? வீடியோ வருமானம் தியேட்டர் வருமானத்தையே மிஞ்சியது. 1939-ல் எடுத்த 'கான் வித் த விண்ட்' 1985-ல் கேசட்டாக விற்பனைக்கு வந்தது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற படம் 1946-ல் வந்தபோது போட்ட முதலையே எடுக்கவில்லை. 1974-ல் அதன் உரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் டி.வி. நிலையங்கள் திரும்பத் திரும்பப் போட்டன. இன்று கிறிஸ்துமஸ் தோறும் அங்கே குடும்பத்தோடு பார்க்கும் படம் அது. சரக்கு மாறவில்லை. வாங்குபவர் கைக்கு எட்டியது, அவ்வளவுதான்.

கைக்கு எட்டும் விலை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்துக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்த கதை நாம் அறிந்ததே. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் அதையே படத்தில் செய்தது. வி.சி.டி. ரூ.28, டி.வி.டி. ரூ.34 என்று விலை வைத்து, மளிகைக் கடை வரை சரக்கை அனுப்பியது. நாமும் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். ரஜினி, விஜய் படங்கள்தான் போகும் என்று எண்ணினோம். அரிசி வாங்க வந்த ஒரு பாட்டி, "ஏம்பா, சரஸ்வதி சபதம் இருக்கா?" என்று கேட்டபோதுதான் நம் கணக்கு தவறு என்று புரிந்தது. புதுப்படம் ஒரு வாரம் ஓடும், பிறகு தூசி படியும். பழைய படமோ மாதாமாதம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. புளி, மிளகாய் மாதிரி.

இங்கே நம் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் வண்டியில் ஒருவர் வந்து, அதே படங்களின் நகல் சி.டி.யை ஆறு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். பதினைந்துக்கு விற்கலாம். வாங்கித் தொங்கவிட்டோம். பாதியில் படம் நின்றுவிட்டது என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதே மாதம் பிரபலமான டீத்தூளைப் போலவே உறை போட்டு ஒரு போலிச் சரக்கு நம் பகுதியில் இறங்கியது. சங்கக் கூட்டத்தில் எழுந்து, "போலியை விற்பவன் வணிகனே அல்ல" என்று நாம் சத்தம் போட்டோம். கைதட்டினார்கள். கடைக்குத் திரும்பினால், கல்லாவுக்கு மேலே அந்த ஆறு ரூபாய் சி.டி.க்கள் தொங்குகின்றன! அன்றே கழற்றிப் பெட்டியில் போட்டதைத்தான் சென்ற மாதம் பையன் எடுத்துக் காட்டினான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே திருட்டு நகல் விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். தயாரித்தவர் பெயர், முகவரி, தணிக்கைச் சான்று விவரம் உறையில் இருக்க வேண்டும் என்பது 52-அ பிரிவு. ஆனால் நம்மை உறுத்துவது சட்டமல்ல. அசல் விற்றால்தான் பழைய பிலிமைத் துடைத்துச் செப்பனிட எவராவது முதல் போடுவார்.

அப்படிப் போடாததால் இழந்தது கொஞ்சமல்ல. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியார் யார் தெரியுமா? சென்னையில் மோட்டார் உதிரிபாகம் விற்ற வணிகர், நம்மவர்! அந்தப் படம் இன்று இல்லை. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்' பிரதியும் இல்லை. பழைய பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கி விற்றது உலகெங்கும் நடந்த வேலை. எடை போட்டு விற்ற அன்று அது லாபமாகத்தான் தெரிந்திருக்கும். மாறாக, 1964-ன் 'கர்ணன்' படத்தைச் செப்பனிட்டு 2012 மார்ச்சில் வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. பழைய சரக்கை மதித்தவருக்குப் பலன் கிடைத்தது.

இன்று நிலைமை வேறு. கேசட் டெக் தயாரித்து வந்த கடைசி ஜப்பானிய நிறுவனம் 2016-ல் நிறுத்திவிட்டது. மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போனது. கேசட் வாடகைக் கடை நடத்திய நம் சகோதர வணிகர்கள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். படமெல்லாம் செல்போனில் வருகிறதே என்பார்கள். வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் அது நம் இருப்பல்ல, அடுத்தவர் கிடங்கு. நாளை அவர் எடுத்துவிட்டால் கேட்க முடியாது.

எனவே உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. பரணில் கேசட் இருந்தால், என்ன படம் என்று பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள். எங்கும் கிடைக்காத படமாக இருந்தால், 1964 முதல் புனேயில் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மற்றொன்று, டீத்தூளோ சி.டி.யோ, போலி எதுவும் நம் கம்பியில் தொங்க வேண்டாம்.

நம் பெட்டியிலிருந்த நகல் சி.டி.க்களை உடைத்துப் போட்டோம். கேசட்டுகளை, தெரிந்தவர் வீட்டு டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு ஓடின. ஐந்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. நாற்பது ஆண்டாகப் பருப்பில் வண்டு விழாமல் காத்த நாம், இதைக் காக்கத் தவறினோம். மற்றவர்களாவது விழித்துக்கொள்ளட்டும்.