உடம்பு மட்டுமா? மனமும் மாறுகிறது!

கை, கால் நாளுக்கு நாள் சோர்ந்து போகிறது. பேச்சு குழறுகிறது. சோறு விழுங்க முடியவில்லை. முடிவில் மூச்சு விடும் தசையும் ஓய்ந்து விடுகிறது.

இதுதான் "மோட்டார் நியூரான்" நோய். மூளையின் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டு செல்லும் நரம்பணுக்கள் இதில் அழிகின்றன.

பிரான்சு நாட்டு டாக்டர் சார்க்கோ 1869-ம் ஆண்டில் இந்த நோயை விவரித்தார். உடம்புதான் முடங்கும், அறிவுக்குக் கேடு இல்லை என்றே வெகு காலம் நம்பி வந்தார்கள்.

இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் அதற்குச் சாட்சி போல வாழ்ந்தார். 1963-ல், 21 வயதில், அவருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. 2018-ல், தமது 76-வது வயதில், இறக்கும் வரை அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

பாதிப் பேருக்கு...

நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ மாற்றம் வருகிறது. 100-க்கு 10 முதல் 15 பேருக்கு அது "டிமென்சியா" என்னும் அறிவுத் தேய்வாகவே இருக்கிறது.

என்ன மாற்றம்?

எதிலும் அக்கறை இராது. மனைவி அழுதாலும் மனம் இளகாது. ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்ய வராது. சொல்ல நினைத்த சொல் கிடைக்காது.

ஆனால் மறதி பெரிதாக இருப்பதில்லை. ஆகவே வீட்டாருக்கு நோய் என்ற சந்தேகமே எழுவதில்லை. "இவ்வளவு பணிவிடை செய்தும் இவருக்கு நன்றி இல்லையே!" என்று மனம் நோகிறார்கள்.

அது நன்றி கெட்ட குணம் அல்ல. நோயின் வேலை!

காரணம் என்ன?

பெரும்பாலான நோயாளிகளின் நரம்பணுக்களில் "டி.டி.பி. 43" என்ற புரதம் திரண்டு படிந்திருப்பது 2006-ல் தெரிய வந்தது. மூளையின் முன்பகுதியைத் தேய்க்கும் ஒருவகை டிமென்சியாவிலும் அதே புரதம்தான்! இரண்டு நோயையும் உண்டாக்கும் ஒரு மரபணுக் கோளாறு 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

என்ன செய்யலாம்?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இதற்கென்றே ஒரு சோதனை தயாரித்தார்கள். 20 நிமிடத்தில் முடிந்து விடும். பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம். வீட்டாரிடமும் தனியாகக் கேள்வி கேட்கிறார்கள்.

குழாய் வழியே உணவு தரலாமா? மூச்சுக் கருவி பொருத்தலாமா? இவற்றை நோயாளியின் சிந்தனை தெளிவாக இருக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் குணம் மாறுவது ஏன் என்று தெரிந்து கொண்டால், படுத்திருப்பவர் மீது வீண்பழி விழாது. பார்த்துக் கொள்பவர் மனமும் ஆறும்.