பெயரும் ஒரு முதலீடுதான்

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல, சிறுதொழிலை நம்பி நிற்கின்றன. தையல், உணவுத் தயாரிப்பு, கார் பட்டறை, பள்ளி வேன், டியூஷன் என எதுவாயினும் அவர்களின் பெரிய முதலீடு நற்பெயர். புலனக் குழுவில் வரும் ஒரே வரி அதைக் கரைத்துவிடும்.

சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. வாய்மொழி அவதூறுக்கு வழக்குத் தொடுப்பவர், பொதுவாகத் தமக்கு ஏற்பட்ட நட்டத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால், ஒருவரின் பதவியையோ தொழிலையோ வணிகத்தையோ தாழ்த்தும் பேச்சுக்கு அது தேவையில்லை என்கிறது 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. எழுத்தில் வரும் அவதூறுக்கும் அந்த மெய்ப்பிப்பு தேவையில்லை. "எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன்" என்று தப்பிக்கவும் முடியாது. மறுபடி பரப்புவதும் வெளியிடுவதே.

அப்படியானால் வாய்மூடி இருக்க வேண்டுமா? கோலகுபு பாருவிலிருந்து மலைப்பாதையைக் கடந்தால் வரும் ரவூப்பில் நடந்ததைப் பாருங்கள். அங்கே புக்கிட் கோமான் மக்கள், தங்கச் சுரங்கத்தில் பயன்படுத்தப்பட்ட சயனைடு குறித்துக் கவலை தெரிவித்தார்கள். சுரங்க நிறுவனம் அவ்வூர்ப் பெண் ஒருவர் மீது வழக்குத் தொடுத்துத் தோற்றது. 2019இல் கூட்டரசு நீதிமன்றமும் அதன் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதே விவகாரத்தைச் செய்தியாக்கிய மலேசியாகினிக்கோ 2021இல் தோல்வி. பொறுப்பான செய்தி வெளியீடு என்ற அதன் வாதத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. இழப்பீடும் செலவுத்தொகையுமாக 550,000 வெள்ளி கட்ட நேர்ந்தது.

பணபலம் உள்ளவர் ஏழையின் வாயை அடைக்க இச்சட்டம் தடியாகக் கூடாது. அதே வேளையில், நேற்றுக் கடை திறந்த அக்காவுக்கு அது கேடயமாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது உண்மை. மெய்ப்பிக்கக்கூடிய உண்மை முழுமையான தற்காப்பு என்பது 8ஆவது பிரிவு. உண்மையின் அடிப்படையில் சொல்லும் நேர்மையான கருத்துக்கு 9ஆவது பிரிவில் இடமுண்டு. "பிரியாணியில் உப்பு அதிகம்" என்பது சாப்பிட்டவரின் கருத்து. "கெட்ட இறைச்சியைப் போட்டார்" என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சான்று வேண்டும்.

மாணவர்களே, ஏமாற்றப்பட்டால் பொறுத்துப் போகாதீர்கள். ரசீதையும் படத்தையும் பத்திரப்படுத்தி, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடுங்கள். பகுதிநேர வேலைக்குச் சம்பளம் வரவில்லையா? தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். உரிய இடத்தில் நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பணம் திரும்பக் கிடைக்கவும் அதுவே வழி.

புலனத்தில் வந்த பழியை அடுத்த குழுவுக்குத் தள்ளுமுன் ஒன்றே கேளுங்கள்: இதை நீதிபதி முன் என்னால் மெய்ப்பிக்க முடியுமா? முடியாதென்றால் அனுப்பாதீர்கள். அந்தப் பெயரில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது.