மத்தளயா மாத்தளையா, கட்டுநாயக்கவா பலாலியா?

வெளிநாட்டில இருக்கிற நண்பர்கள் ஊருக்கு வரும்போது எங்ககிட்ட தவறாம ஒரு கேள்வி கேட்பாங்க: "உங்க ஊர்லயே எயார்போட் இருக்காமே, பிறகு ஏன் கட்டுநாயக்க வரைக்கும் வந்து இழுபடுறீங்க?"

முதல்ல சிரிப்பு வரும். அப்புறம் விளங்கப்படுத்துவோம். அவங்க சொல்றது மத்தள. அது அம்பாந்தோட்டை மாவட்டத்தில, நாட்டோட தெற்கு மூலையில இருக்கு. நாங்க மாத்தளை. ஒரு காலும் ஒரு ஐகாரமும்தான் வித்தியாசம், ஆனா நடுவில பாதி இலங்கையே கிடக்குது. 2013 மார்ச் 18 அன்று திறந்த அந்த விமான நிலையத்துக்குப் பேர்தான் எங்கள் பேர் மாதிரி. பயன் எங்களுக்கு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் பெரிதாக இல்லை.

இந்தக் குழப்பத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்கியது. போன மாதம் எங்கள் குழுவில் மூன்று பேருடைய வீடுகளில் தமிழ்நாட்டுக்குப் போக வேண்டிய தேவை ஒன்றாக வந்தது. எந்த விமான நிலையம் என்று ஒரு வாரம் சண்டை. அந்தச் சண்டையில் நாங்கள் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறோம்.

சும்மா பார்த்தால் கொழும்புக்கு இரண்டு விமான நிலையங்கள். வடக்கே கட்டுநாயக்க, தெற்கே இரத்மலானை. இரத்மலானைதான் மூத்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் அங்கிருந்துதான் கிளம்பியது. காங்கேசன்துறையில் இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. அப்போதே கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை மூன்றையும் ஒரே கோட்டில் கட்டிவிட்டார்கள். 1960களின் கடைசியில் வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் கட்டுநாயக்கவுக்குப் போய்விட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2022 மார்ச் 27 அன்று மாலைதீவிலிருந்து ஒரு விமானம் வந்து இறங்கியபோதுதான் இரத்மலானைக்கு மறுபடியும் "சர்வதேச" என்ற சொல் உயிர் பெற்றது.

ஆனால் அங்கே ஓடுதளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. கட்டுநாயக்கவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல். டுபாய்க்கும் குவைத்துக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் பெரிய விமானங்களுக்கு இரத்மலானை இடம் காணாது. எங்களுக்கு இன்னொரு சிக்கல். மாத்தளையிலிருந்து வருபவர் கொழும்பு முழுவதையும் குறுக்கே கடந்துதான் அங்கே போக வேண்டும். அதனால் கொழும்பின் இரண்டாவது விமான நிலையம் கொழும்பு ஆட்களுக்குத்தான். எங்கள் பட்டியலில் அது இல்லை.

எங்களுக்கு உண்மையான இரண்டாவது வாசல் பலாலி.

ஒரு படத்தை எடுத்துப் பாருங்கள். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, மொத்தம் 321 கிலோமீட்டர். அதில் 26 ஆவது கிலோமீட்டரில் மாத்தளை. கண்டி-யாழ்ப்பாணம் பஸ் எங்கள் டவுனுக்குள்ளாலதான் போகுது. 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்றது. 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கியது.

திருச்சி என்றதும் எங்கள் வீடுகளில் பெரியவங்க நிமிர்ந்து உட்காருவாங்க. பாட்டனும் பூட்டியும் வந்தது அந்தப் பக்கத்திலிருந்துதானே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மலைக்கு ஏறும் முன்னால் அவர்கள் தங்கி மூச்சு வாங்கிய இடம் எங்கள் ஊர். முத்துமாரியம்மன் கோயிலின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. பிறகு 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இலட்சக்கணக்கான பேரைத் தலைமன்னார் வழியாகவே திருப்பி அனுப்பியது. அதனால்தான் எங்கள் லயங்களில் பாதிப் பேருக்குக் கோத்தகிரியிலோ திருச்சிப் பக்கத்திலோ இன்னும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்காங்க.

அப்படியானால் பலாலிக்குப் போவதுதான் சரியா? இங்கேதான் எங்களுக்குள் பிரிவு வந்தது.

பலாலிக் கட்சியின் வாதம் இது. இரவு பஸ் ஏறினால் காலையில் யாழ்ப்பாணம். நல்லூரில் ஒரு கும்பிடு, தெரிந்த வீட்டில் ஒரு குளியல், பிறகு விமானம். சின்ன விமான நிலையம், நெரிசல் இல்லை. வயசான ஆட்களுக்கு நீளமான நடை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மாச்சிக்கு எழுபத்திரண்டு வயது. முதல் தடவை விமானம் ஏறப்போறாங்க. அவங்க கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் பேசுறது அங்க இருக்கிறவனுக்கு வெளங்குமா?" கேள்வி சின்னதுதான். அதற்குப் பின்னால் கச்சேரி, ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று எழுபது வருட அனுபவம் நிற்கிறது.

கட்டுநாயக்கக் கட்சிக்காரர் கணக்குப் புத்தகத்தோடு வந்தார். மாத்தளையிலிருந்து குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க நூற்றிருபது, நூற்றிமுப்பது கிலோமீட்டர். பலாலி முந்நூறைத் தாண்டும். பலாலிக்கு வருவது எழுபது எண்பது பேர் ஏறும் ஏ.டி.ஆர் விமானம். ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது எப்போது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கட்டுநாயக்கவில் சென்னைக்கு மட்டுமே ஒரு நாளில் பல விமானங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது. "சாவு வீட்டுக்குப் போறவன் நல்லூர் பார்த்துட்டுப் போகமாட்டான்"னு அவர் சொன்னப்போ யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். கேள்விதான் பிழை. "எந்த விமான நிலையம் நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. யார் போறாங்க, எதுக்குப் போறாங்க, எவ்வளவு அவசரம், போய் இறங்க வேண்டிய கடைசி இடம் எது என்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே தெரிந்து, திருச்சிக்கோ சென்னைக்கோ நேராகப் போகும் குடும்பம் என்றால் பலாலியைப் பார்க்கலாம். அவசரம் என்றாலும், அதற்கு மேலே வேறு நாட்டுக்கு மாறி ஏற வேண்டும் என்றாலும் கட்டுநாயக்கதான். டிக்கட் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். வீட்டு வாசலில் இருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் கூட்டுங்கள். வேன் காசு, பஸ் காசு, வழியில் சாப்பாடு, ஒரு இரவு தங்கும் செலவு, போகும் நாளில் விடுபடும் சம்பளம் எல்லாம் அந்தக் கணக்கில் வரட்டும். எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம் என்பதையும் டிக்கட் எடுக்கும் முன்னாலேயே பாருங்கள். திரும்பி வரும்போது பட்டுச்சேலையும் பாத்திரமும் இல்லாமல் நம் ஆட்கள் வரப்போவதில்லை.

அம்மாச்சி பலாலியால் போறாங்க. சாவு வீட்டுக்காரர் கட்டுநாயக்கவால் போய் வந்துவிட்டார். இது வரைக்கும் நல்ல கதை.

மூன்றாவது வீட்டுக் கதை வேறு. தமிழ்நாட்டுக்குப் போக இருந்த எங்கள் தோழனின் அக்காவுக்கு அதே வாரத்தில் குவைத் வேலைக்கு விசா வந்துவிட்டது. எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டம். விமானம் விடியற்காலை. பலாலியா கட்டுநாயக்கவா என்ற பேச்சே அங்கே இல்லை. வளைகுடாவுக்குப் போகும் எங்கள் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் கட்டுநாயக்க ஒன்றுதான் வாசல். ஏஜென்சி எந்த டிக்கட்டைக் கொடுக்குதோ அதுதான். நேரத்தையும் அவர்கள் தெரிவு செய்வதில்லை.

அந்த நேரத்துக்குப் போய்ச்சேர மலையிலிருந்து பஸ் கிடையாது. வேன் பிடிச்சாங்க. போக வர இருபத்தெட்டாயிரம் ரூபாய். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். வகுத்துப் பாருங்கள். அந்தச் சம்பளத்தில் அம்மா இருபது நாளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் மகளை விமான நிலையத்தின் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடலாம். அந்தக் காசு வட்டிக்கு வாங்கியது. அக்கா குவைத்தில் உழைக்கும் முதல் சம்பளத்தின் ஒரு பங்கு இந்த நூற்றிமுப்பது கிலோமீட்டருக்கே போகிறது.

நாட்டுக்கு டொலர் இல்லாமல் 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அரசாங்கம் கைவிரித்தபோது, டொலர் அனுப்பச் சொல்லி யாரிடம் கேட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? இவங்ககிட்டதான். ஆனா இவங்க விமான நிலையத்துக்கு எப்படி வந்து சேருறாங்கன்னு மட்டும் யாரும் கேட்கிறது இல்லை.

இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "உங்க பக்கத்திலேயே ஒண்ணு கட்டித் தர்றோம்." சீகிரியாவில், எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று விமானப்படையின் கையில் இருக்கிறது. உள்நாட்டுச் சின்ன விமானங்கள் வந்து போகும். கொஞ்சம் தள்ளிப் பொலன்னறுவை மாவட்டத்தில் ஹிங்குராக்கொடை. அதைச் சர்வதேச விமான நிலையம் ஆக்கப்போவதாகவே அறிவித்திருக்கிறார்கள். நாங்கள் இதற்குக் கை தட்டமாட்டோம். கஞ்சத்தனம் இல்லை. மத்தளையின் கதையைப் பார்த்த பயம்தான்.

மத்தளைக்கு இருபது கோடி டொலருக்கு மேல் செலவு. பெரும் பங்கு சீன எக்சிம் வங்கிக் கடன். ஓடுதளம் மூன்றரைக் கிலோமீட்டர். எல்லாம் இருந்தது, ஆட்கள் இல்லை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு ஸ்ரீலங்கன் விமானங்கள் அங்கே போவதை நிறுத்திக்கொண்டன. சாமான் வைக்கும் கிடங்கில் நெல் மூட்டை அடுக்கினார்கள். உலகத்திலேயே ஆள் இல்லாத விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேலி செய்தன. கடன் மட்டும் நம் எல்லோர் தலையிலும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நடந்த கூத்தும் இல்லை. கனடாவில் மொன்றியல் நகரத்துக்கு 1975 இல் மிராபெல் என்று பிரமாண்டமான இரண்டாவது விமான நிலையம் கட்டினார்கள். வெளிநாட்டு விமானங்களைக் கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பினார்கள். ஊரிலிருந்து தூரம், நினைத்தபடி ரயிலும் வரவில்லை. பயணிகள் விமானங்கள் 2004 இல் அடியோடு நின்றுவிட்டன. பழைய விமான நிலையம்தான் கடைசியில் வென்றது. இப்போது சென்னைக்கு இரண்டாவதாகப் பரந்தூரில் கட்டப்போகிறார்கள். ஏகனாபுரத்து மக்கள் 2022 இலிருந்து நிலத்தையும் ஏரியையும் காக்கப் போராடுகிறார்கள். எங்கே கட்டினாலும் யாரோ ஒருவரின் வயலின் மேல்தான் கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தக் கதைகளில் பொதுவாக ஒன்று இருக்கிறது. கட்டடம் வந்தது, வழி வரவில்லை. எங்களுக்குத் தேவையானது வழி.

அதனால் எங்கள் கோரிக்கை சின்னது. மாத்தளை டவுனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவில் ஒரு பஸ் வேண்டும். விடியற்காலை விமானத்துக்குப் போய்ச்சேரும் நேரத்தில் கிளம்பி, குருநாகல் வழியாகப் போகட்டும். திரும்பி வரும் பஸ் காலையில் இறங்கும் ஆட்களை ஏற்றி வரட்டும். மீரிகம-குருநாகல் அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் இருந்தே திறந்துதான் இருக்கிறது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து கத்தரிக்காய்க்கும் போஞ்சிக்கும் ராத்திரி முழுக்க லொறி ஓடுகிற மாவட்டம் இது. மனுசருக்கு ஒரு பஸ் ஓட முடியாதா? ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வந்து சேர ஒரு இணைப்பு வண்டியும் இருந்தால், இருபத்தெட்டாயிரம் ரூபாய் கதை முடிந்துவிடும்.

இரண்டாவது கோரிக்கை, மொழி. அம்மாச்சி பலாலியைத் தெரிவு செய்ததற்குக் காரணம் தூரமும் இல்லை, காசும் இல்லை. அங்கே தன் வாய் தனக்கு உதவும் என்ற நம்பிக்கை. நாட்டின் பெரிய வாசலில், படிவத்திலும் பதிலிலும் அதே நம்பிக்கை அவங்களுக்குக் கிடைத்திருந்தால் முந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து போயிருக்க மாட்டாங்க. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம், இருக்கிறதை நடத்தினால் போதும்.

பலாலி வளரட்டும். மனதார விரும்புகிறோம். ஏ9 மூடிக் கிடந்த வருடங்களைப் பார்த்த தலைமுறைக்கு, அந்தப் பக்கம் ஒரு வாசல் திறந்திருப்பதே பெரிய விஷயம். ஆனால் இரண்டு வாசல் இருக்கிறது என்பதை வைத்து எல்லோருக்கும் தெரிவு இருக்கிறது என்று சொல்லாதீர்கள். நேரம் இருக்கிறவருக்குத்தான் தெரிவு.

அம்மாச்சி அடுத்த கிழமை கிளம்புறாங்க. பைக்குள்ள ரத்தோட்டை ஏலக்காய் இரண்டு பொட்டலம், கிராம்பு ஒரு பொட்டலம். குவைத் போன அக்கா போய்ச் சேர்ந்ததும் முதல்ல அனுப்பின குரல் செய்தியில கேட்டது, "வேன்காரருக்கு மிச்சக் காசு குடுத்தாச்சா?" என்றுதான்.

இன்னும் கொடுக்கவில்லை.