கணினி பொருத்தக் கற்க திரை மட்டும் போதுமா?

ஜொகூரில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பல மையங்கள் அமைந்துள்ளன. கூலாயில் உள்ள ஒய்டிஎல் தரவு மைய வளாகத்தில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை உருவாக்க என்விடியா இணைவதாக 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. இந்தச் சூழலில், கணினி வன்பொருள் துறையை நாடும் நம் மாணவர்கள் அதை எப்படிக் கற்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி.

இன்று ஒரு கணினியைத் தொடாமலேயே அதைப் பொருத்தப் பழகலாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி தனது ஐடி எசென்ஷியல்ஸ் பாடத்துக்கு மெய்நிகர் மேசைக்கணினி ஒன்றை உருவாக்கியது. 2019இல் முழுமையாக வெளிவந்த 'பிசி பில்டிங் சிமுலேட்டர்' விளையாட்டிலும் தாய்ப்பலகை, செயலி, நினைவகம் ஆகியவற்றை வரிசையாகப் பொருத்தலாம். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலாகிப் பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டபோது, இத்தகைய கருவிகளின் தேவை பலருக்கும் புரிந்தது.

இதன் பயனை மறுக்க முடியாது. ஒரே கணினியைச் சுற்றிப் பத்து பேர் நிற்கும் வகுப்பில், ஸ்குரூடிரைவர் ஒருவர் கையில்தான் இருக்கும். திரையிலோ ஒவ்வொருவரும் பொருத்தலாம், தவறு செய்யலாம், மீண்டும் தொடங்கலாம். பாகங்களின் பெயரும் பொருத்தும் வரிசையும் மனத்தில் பதியும்.

ஆனால், கைப்பழக்கத்தைத் திரை தராது. இன்டெலின் எல்ஜிஏ 1700 வகைத் தாய்ப்பலகையில், செயலி அமரும் இடத்தில் 1,700 நுண்ணிய ஊசிகள் உள்ளன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் தாய்ப்பலகை பழுதாகலாம். நினைவகத்தை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை விரல்தான் அறியும். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம், நாம் உணராத அளவிலேயே சில்லுகளைக் கெடுத்துவிடும். குளிரூட்டப்பட்ட வறண்ட அறையில் இந்த ஆபத்து கூடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, பொருத்திய கணினி இயங்காதபோது காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான தொழில்.

எனவே, முதலில் திரை, அடுத்து உண்மையான கருவி என்பதே சரியான வரிசை. செலவைக் குறைக்க முதல் படியோடு நிறுத்திக்கொள்ளும் வகுப்புகளில் சேரும் மாணவர், கையில் சான்றிதழ் இருந்தும் வேலையிடத்தில் தடுமாறுவார்.

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளைத் திவெட் கல்விக்கு அனுப்பும் பெற்றோர், கட்டணம் செலுத்தும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பட்டறைப் பயிற்சி? ஒரு கணினிக்கு எத்தனை மாணவர்கள்? திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் (எஸ்கேஎம்) கிடைக்குமா, எந்த நிலையில்? பதில் தெளிவாக இல்லையென்றால் வேறு இடம் தேடுவதே நல்லது.