வேலை வாங்கும்போது ஸ்டாஃப், மத்த நேரம் ஸ்டூடண்ட்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் அக்காவும் (சித்தி மக, என்னைவிட ஒண்ணரை வயசு மூப்பு) வட்டக்கோட்டை மதில் மேல உக்காந்து காத்து வாங்கிட்டு இருந்தோம். டூரிஸ்ட் எல்லாம் கடலைப் பின்னால வச்சு செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க. எங்களுக்கு இது ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு வந்து உக்கார்ற இடம். அதனால போட்டோ எல்லாம் எடுக்கிறதில்லை :-)

அக்கா பி.எஸ்ஸி. எம்.எல்.டி. படிக்கிறா. மெடிக்கல் லேப் டெக்னாலஜி. மூணு வருஷம் காலேஜ், அது முடிஞ்சு ஒரு வருஷம் ஆஸ்பத்திரி லேப்ல இன்டர்ன்ஷிப். இப்ப அந்த இன்டர்ன்ஷிப்லதான் இருக்கா. மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவா, வந்தா வாய் ஓயாது. அன்னிக்கு பேசவே இல்லை. வாங்கிட்டு வந்த ஏத்தங்கா சிப்ஸ் பாக்கெட்டைக்கூட பிரிக்கலை.

"என்னக்கா, மேலுக்கு முடியலியா?"ன்னு கேட்டேன்.

"ஊசி குத்திட்டு மக்கா"ன்னா.

எனக்கு முதல்ல புரியலை. ஊசி குத்துறதுதானே இவ வேலை?

"எனக்க கையில குத்திட்டு. யாருக்கு போட்ட ஊசின்னு தெரியாது."

நடந்து ஒண்ணரை மாசம் ஆச்சாம். வார்டுல ரத்தம் எடுத்துட்டு வந்த ட்ரேயை ஒதுக்கி வைக்கும்போது, பஞ்சுக்கு அடியில மூடி இல்லாம ஒரு ஊசி கிடந்திருக்கு. கிளவுஸையும் தாண்டி விரல்ல ஏறிட்டு. டூட்டில இருந்தவர் "சோப்பு போட்டு கழுவு, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லியிருக்கார். கழுவுறது சரிதான். அடுத்து என்ன செய்யணும்னு அங்க யாருக்கும் தெரியலை, அதுதான் பிரச்சனை.

அக்காவுக்கு தெரிஞ்சிருந்தது. எச்.ஐ.வி. தொத்தாம தடுக்குற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாம சாப்பிடணும். அன்னிக்கு ராத்திரியே ஒரு கூட்டுக்காரியைக் கூட்டிட்டு ஆட்டோ பிடிச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு போயி ஆரம்பிச்சுட்டா. ஹெபடைடிஸ் பி-க்கு அவ தடுப்பூசியே போட்டிருக்கலை. அதனால தடுப்பூசி முதல் டோஸும், கூடவே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டியதாச்சு. அந்த இம்யூனோகுளோபுலின் பல ஆயிரம் ரூபா. ஹாஸ்டல் பிள்ளைங்க சேர்ந்து காசு போட்டு வெளியில வாங்கியிருக்காங்க.

மறுநாள் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல கேட்டா, "நீங்க ஸ்டாஃப் இல்லியே, ஸ்டூடண்ட். காலேஜ்ல போய் கேளுங்க."

காலேஜ்ல கேட்டா, "ஆஸ்பத்திரியில நடந்ததுக்கு நாங்க என்ன பண்ண? அங்க கேளுங்க."

இந்த ரெண்டு பதிலும் என் மண்டைக்குள்ள ஒரு வாரமா ஓடிட்டே இருக்கு. அதான் எழுதுறேன். எனக்கு டெபிட் கிரெடிட்டே தகராறு, இதுல ரத்தத்தைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேக்காதீங்க. கணக்குப் பாக்குறவன் கண்ணுக்குத்தான் இந்த அநியாயம் பளிச்சுன்னு தெரியுது.

முதல்ல லேப்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். அக்காவுக்கு எம்.எல்.டி. கிடைச்சப்ப கல்யாண வீட்ல ஒரு மாமி, "பிள்ள என்ன படிக்கி?"ன்னு கேட்டாங்க. சித்தி சொன்னதும், "ஓ, ரத்தம் எடுக்க வேலையா. டாக்டருக்கு கிடைக்கலியோ?"ன்னு ஒரு இழுவை. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ரத்தம் எடுப்பாங்க, மெஷின்ல வைப்பாங்க, மெஷின் பிரிண்ட் துப்பும், அவ்வளவுதான்.

அப்படி இல்லியாம். காலையில நோயாளி சாம்பிளை வைக்கிறதுக்கு முன்னால, விடை ஏற்கனவே தெரிஞ்ச ஒரு கன்ட்ரோல் சாம்பிளை மெஷின்ல ஓட்டுவாங்க. வர்ற எண்ணை ஒரு சார்ட்ல புள்ளி வைப்பாங்க. லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்னு பேரு, 1950-ல ரெண்டு பேர் கொண்டு வந்தது. நடுவுல சராசரி, மேலயும் கீழயும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கோடு. பி.காம் மக்களே, பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நாம தலையெழுத்தேன்னு படிச்ச அதே நார்மல் கர்வ்! ரெண்டு எஸ்.டி.-க்கு வெளியில சும்மாவே இருபதுல ஒரு புள்ளி விழலாம். அதனால எது தற்செயல், எது மெஷின் கோளாறுன்னு பிரிக்க 1981-ல வெஸ்ட்கார்டுன்னு ஒருத்தர் விதிகள் எழுதினார். விதி உடைஞ்சா காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் ரிசல்ட் வெளியில போகக்கூடாது. நம்ம பேங்க் ரிகன்சிலியேஷன் மாதிரிதான். டேலி ஆகாம கையெழுத்து கிடையாது.

மெஷின் சரியா இருந்தாலும் போதாது. லேப் தப்புகள்ல பெரும்பாலானது சாம்பிள் மெஷினுக்குள்ள போறதுக்கு முன்னாலயே நடக்குது. ஆள் மாறி எடுக்கிறது, லேபிள் மாறுறது, ட்யூப் மாறுறது. ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்க ஈ.டி.டி.ஏ. உப்பு இருக்கும், சாதாரணமா அது பொட்டாசியம் உப்பு. சாம்பல் மூடியில சர்க்கரை குறைஞ்சு போகாம இருக்க ஃப்ளூரைடு. நீல மூடியில ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், அளவு குறைஞ்சா ரிசல்ட் தப்பாயிடும். எந்த மூடிக்கு அப்புறம் எந்த மூடின்னு ரத்தம் எடுக்கிற வரிசைகூட இருக்கு.

ஒரு ராத்திரி அக்கா லேப்ல தனியா டூட்டி. (இன்டர்ன். தனியா. ராத்திரி. கவனிச்சுக்கோங்க.) ஒரு சாம்பிள்ல பொட்டாசியம் 9-க்கு மேல காட்டுது. நார்மல் 3.5-ல இருந்து 5 வரைக்கும். 9-ன்னா இதயம் எப்ப வேணா நிக்கலாம்னு அர்த்தம். அதே ரிப்போர்ட்ல கால்சியம் பாதாளத்துல கிடக்கு. பேப்பரைப் பாத்தா ஆள் பிழைக்க வாய்ப்பே இல்லை. வார்டுக்கு போன் பண்ணி கேட்டா, "ஆளா? சாயா குடிச்சிட்டு உக்காந்திருக்காரே."

அக்காவுக்கு பொறி தட்டிச்சு. யாரோ ரத்தம் பத்தலைன்னு ஊதா மூடி ட்யூப்ல இருந்து இன்னொண்ணுல ஊத்தியிருக்காங்க. ஈ.டி.டி.ஏ.-ல இருக்குற பொட்டாசியம் கூடும், அதே ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரிப்போர்ட்டை நிறுத்தி புது சாம்பிள் கேட்டா. 4.2. நார்மல்.

அந்த 9 அப்படியே போயிருந்தா? பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏத்தியிருப்பாங்க, நல்லா இருந்த ஒரு ஆளுக்கு. ஒரு ஸ்டைபண்ட்கூட இல்லாத இருபத்தொண்ணு வயசுப் பிள்ளை, பாடப்புத்தகத்துல படிச்சது ஞாபகம் இருந்ததால தடுத்துட்டா. ஞாபகம் வராத ராத்திரின்னு ஒண்ணு இருக்கும்லா?

மாணவி கையில இருக்குற வேலை சின்னதுன்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம தமிழ்நாட்டுக் கதை ஒண்ணு. 1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில மைக்ரோபயாலஜி மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா. அவங்க பேராசிரியர் சுனிதி சாலமன், எச்.ஐ.வி.-க்கு டெஸ்ட் பண்ணிப் பாரேன்னு ஆய்வுக்கு தலைப்பு கொடுத்தார். இந்தியாவுல அது இல்லைன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலம். நிர்மலா மாசக்கணக்கா அலைஞ்சு பாலியல் தொழில்ல இருந்த பெண்கள்கிட்ட சாம்பிள் எடுத்தாங்க. கிளவுஸ் கிடையாது. சாம்பிள் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜ்ல. சென்னையில எலிசா வசதி இல்லாததால 1986 பிப்ரவரியில ஐஸ் பெட்டியோட வேலூர் சி.எம்.சி.-க்கு ரயில் ஏறினாங்க. ஆறு சாம்பிள் மஞ்சளாச்சு. அமெரிக்காவுல மறுபடி சோதிச்சு உறுதியும் பண்ணினாங்க. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு நாட்டுக்கே சொன்னது ஒரு மாணவியோட தீசிஸ் வேலை!

இந்தக் கதையைக் கேட்டா எனக்கு பெருமையா இருக்கும். இப்ப அந்த 'கிளவுஸ் கிடையாது'ங்கிற இடத்துல நின்னுடுறேன். அன்னிக்கு நோயே புதுசு. இத்தனை வருஷம் கழிச்சு, தடுப்பூசி இருக்கு, மாத்திரை இருக்கு, சட்டமும் இருக்கு. இன்னமும் ஒரு மாணவி ஆட்டோவுக்கு சில்லறை தேடிட்டு ராத்திரில ஓட வேண்டியிருக்கு.

சட்டம் என்ன சொல்லுது? 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்ல, கழிவைக் கையாளுற சுகாதாரப் பணியாளர்களுக்கும் 'மற்றவர்களுக்கும்' ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உட்பட தடுப்பூசி போடுறது ஆஸ்பத்திரியோட கடமைன்னு இருக்கு. அந்த 'மற்றவர்கள்'ல ஊசி ட்ரேயை ஒதுக்குற இன்டர்ன் வரமாட்டாளா? 2021-ல ஒன்றிய அரசு துணை மருத்துவப் படிப்புகளுக்குன்னு தனியா ஆணையச் சட்டமே கொண்டு வந்தது. அதோட அட்டவணையில முதல் இடமே லேப் துறைக்குத்தான். டிப்ளமா அளவுக்கு குறைஞ்சது 2,000 மணி நேரம், அதுக்கு மேல் நிலைக்கு 3,600 மணி நேரம்னு கணக்கு போட்டிருக்காங்க. நல்லது. அந்த மணி நேரத்துல பிள்ளை பக்கத்துல யார் நிக்கணும்னுதான் நான் கேக்குறேன்.

"கத்துக்க வந்த பிள்ளைக்கு எதுக்குடே காசும் கவனிப்பும்?"னு எங்க சித்தப்பாவே கேப்பார். நம்ம பக்கத்துல இருந்தே பதில் சொல்றேன். சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் போற அண்ணன்மாரும் கத்துக்கத்தான் போறாங்க. ஊர் ஜனத்தொகையைப் பொறுத்து குறைஞ்சபட்ச ஸ்டைபண்ட் எவ்வளவுன்னு ஐ.சி.ஏ.ஐ. விதியிலயே எழுதியிருக்கு. ஹவுஸ் சர்ஜன் டாக்டர்களும் கத்துக்கிறவங்கதான், அவங்களுக்கும் உண்டு. அதே ஆஸ்பத்திரியில அடுத்த கட்டடத்துல இருக்குற லேப் பிள்ளைக்கு மட்டும் 'அனுபவம்'தான் சம்பளமாம்.

கணக்காவே பாப்போம். வாரத்துல மூணு நாள் ராத்திரி அக்கா தனியா பாக்குறா. அவ இல்லைன்னா அந்த மூணு ராத்திரிக்கும் ஒரு டெக்னீஷியனுக்கு சம்பளம் கொடுக்கணும். கொடுக்காம மிச்சமாகுற அந்தக் காசு எந்த லெட்ஜர்ல வருது? செலவு ஏறாத லேபர் எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டுக் கணக்குல ஏறிட்டுதான் இருக்கும். சித்தி நகையை அடகு வச்சு ஃபீஸ் கட்டின கணக்குல ஏறியிருக்கு.

பிரிட்டன்ல 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்'ங்கிற பேரையே பதிவு இல்லாம யாரும் வச்சுக்க முடியாது. அதுக்கு அங்கீகாரம் உள்ள லேப்ல ட்ரெய்னிங் எடுத்து, என்னென்ன கத்துக்கிட்டோம்னு ஆதாரத்தோட ஒரு கோப்பு தயார் பண்ணணும். வெளியில இருந்து ஒருத்தர் வந்து அதை சரிபாப்பார். அக்காகிட்டயும் ஒரு லாக் புக் இருக்கு. மாசக் கடைசியில முப்பது நாளுக்கும் ஒரே பேனாவுல கையெழுத்து விழும்.

சின்ன ஆஸ்பத்திரிக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு. புதுசா வர்ற பிள்ளைக்கு சொல்லிக் கொடுக்க சீனியரோட நேரம் போகும், முதல் ரெண்டு மாசம் வேலை தாமதமாகும். ஒத்துக்கிறேன். அப்படின்னா சொல்லிக் கொடுக்குற நேரத்தைக் கணக்குல வச்சுக்கோங்க, சொல்லியே கொடுக்காத ராத்திரிகளையும் சேர்த்து வச்சுக்கோங்க. எந்தப் பக்கம் பேலன்ஸ் நிக்குதுன்னு பாப்போம்.

நான் கேக்குறது மூணே மூணு.

ஒண்ணு, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் வருஷமே. மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும், இன்டர்ன்ஷிப் முதல் நாள் நினைச்சுப் பாத்தா முடியாது. கடைசி டோஸ் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல எதிர்ப்புசக்தி வந்திருக்கான்னு டெஸ்ட் பாத்துட்டு அப்புறமா அனுப்பட்டும். தடுப்பூசி போடாத ஆளுக்கு ஹெபடைடிஸ் பி உள்ளவரோட ஊசி குத்தினா தொத்துற வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். எச்.ஐ.வி.-க்கு அது 0.3 சதவீதம். நாம பயப்படுறது சின்னதுக்கு, விட்டுடுறது பெருசை. இத்தனைக்கும் மூணு டோஸோட விலை சில நூறு ரூபாதான்.

ரெண்டு, இன்டர்ன் தனியா ராத்திரி டூட்டி கூடாது. ரிசல்ட்ல கையெழுத்து தகுதி உள்ளவரோடது.

மூணு, ஸ்டைபண்ட். ஊசி குத்தினா செலவு யாருதுன்னு காலேஜும் ஆஸ்பத்திரியும் போடுற ஒப்பந்தத்துலயே எழுதிடணும். மாணவி கையிலயும் அதுல ஒரு காப்பி இருக்கணும்.

ஆறு மணி ஆகப் போகுதுன்னு வாட்ச்மேன் விசில் அடிச்சார். எந்திரிச்சு வரும்போது, "இன்னும் எத்தனை டெஸ்ட்க்கா?"ன்னு கேட்டேன். ஆறு வாரத்துல எடுத்தது நெகடிவ். மூணாம் மாசமும் ஆறாம் மாசமும் பாக்கி. சித்திக்கு இன்னும் தெரியாது.

"லீவு போட்டா இன்டர்ன்ஷிப் நாள் குறையும்லா"ன்னு திங்கக்கிழமை விடியக்காலம் பஸ்ஸுக்கே கிளம்பிட்டா. அன்னிக்கு ராத்திரியும் அவளுக்கு டூட்டி. தனியாத்தான்.

டிஸ்கி: அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கேன், சில அடையாளங்களை மாத்தியிருக்கேன். ஆஸ்பத்திரி பேர், காலேஜ் பேர் கேக்காதீங்க. எம்.எல்.டி. படிக்கிற கூட்டுக்காரங்க யாராவது இருந்தா, இதைப் படிச்சு முடிச்சதும் உங்க தடுப்பூசி கார்டை எடுத்து மூணு டோஸ் இருக்கான்னு எண்ணிப் பாருங்க.