உடற்கல்வி வேளையைத் திருடாதீர்!



நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு திருட்டு நடந்துகொண்டிருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடியாத திருட்டு. திருடுபவர்கள் ஆசிரியர்கள், உடந்தையாக இருப்பவர்கள் பெற்றோர், பறிகொடுப்பவர்கள் ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள். களவு போகும் பொருள் உடற்கல்விப் பாடவேளை.

கணிதப் பாடம் முடியவில்லையா? உடற்கல்வி வேளையை எடுத்துக்கொள். மலாய்க் கட்டுரைப் பயிற்சி பாக்கி இருக்கிறதா? உடற்கல்வி வேளையை எடுத்துக்கொள். ஆசிரியர் தினத்திற்கு நடன ஒத்திகையா? கேட்கவே வேண்டாம். (புகைமூட்ட நாள்களில் பிள்ளைகளை வெளியே விடாதது சரியே. அதை நான் குறை சொல்லவில்லை.) "டீச்சர், இன்றைக்காவது திடலுக்குப் போவோமா?" என்று விளையாட்டுக் காலணியோடு வந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்கு அதுதான் அந்த வாரத்தின் திருநாள் என்று.

முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். தேர்வைச் சாக்காகச் சொன்னார்கள். 1988-இல் தொடங்கிய அந்தத் தேர்வு கடைசியாக 2019-இல் நடந்தது. 2021-இல் அதை அரசாங்கம் அடியோடு நீக்கியது. தேர்வு போயிற்று. திருட்டு போகவில்லை! "அடிப்படை பலவீனமாக இருக்கிறது, இடைநிலைப்பள்ளிக்குப் போனால் தடுமாறுவார்கள்" என்று இப்பொழுது புதிய காரணம் சொல்கிறார்கள். பள்ளி முடிந்ததும் டியூஷன், மாலையில் இன்னொரு டியூஷன், இரவில் கைப்பேசி. அந்தப் பிள்ளை எப்போதுதான் ஓடும்?

"விளையாடினால் படிப்பு கெட்டுவிடும்" என்னும் பல்லவியைப் பெற்றோர் சந்திப்பு நாளில் எத்தனை முறை கேட்டுவிட்டேன்! அப்படிச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். டாக்டர் மணி ஜெகதீசன் யார் என்று தெரியுமா? 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றவர். ரோம், தோக்கியோ, மெக்சிகோ என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை, 2017 வரை, அதாவது 49 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது. ஓட்டத்தோடு மருத்துவமும் படித்தார். பின்னாளில் நாட்டின் மருத்துவ ஆய்வுக் கழகத்திற்கே இயக்குநரானார். அவருக்குப் படிப்பு எங்கே கெட்டது?

அதே 1966-இல், அதே பேங்காக்கில், 400 மீட்டரில் தங்கம் வென்றவர் தாப்பாவைச் சேர்ந்த எம்.இராஜாமணி. நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டு அது. ஆண்களில் ஜெகதீசன், பெண்களில் இராஜாமணி. முதல் விருதுகள் இரண்டும் தமிழர் வீட்டுக்கு வந்தன! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வரலாறு புரட்டிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் நேற்றைய செய்தியைப் பாருங்கள். சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரி அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2022-இல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். மறு ஆண்டே ஹாங்சோவ் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம். 2024-இல் இலண்டன் கிளாசிக் வெற்றியாளர்.

ஆனால், பதக்கங்களுக்காக மட்டும் நான் வாதாட வரவில்லை. பதக்கம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். மீதி 999 பேருக்கு விளையாட்டு என்ன தருகிறது என்பதே என் கேள்வி.

என் தந்தையார் எந்தப் பதக்கமும் வென்றவர் அல்லர். கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் செம்பனைக் குலை வெட்டியவர். மாலையில் வேலை முடிந்து, லயத்துக்கு முன்னிருந்த திடலில் சித்தப்பாவோடும் கூட்டாளிகளோடும் இருட்டும்வரை காற்பந்து விளையாடுவார். கோல் காவலர் அவர்தான். அவருடைய தெய்வம் 'ஸ்பைடர்மேன்' ஆர்.ஆறுமுகம். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசியக் குழுவின் கோல் காவலர் அவர். (ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது தனிக்கதை.) 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்த செய்தி வந்த இரவு, எங்கள் வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. அவரை நேரில் ஒரு சொல்கூடப் பேசியறியாதவர் என் தந்தை.

1995, 1996, 1997 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை வென்ற காலத்தில் நான் பதின்ம வயதுப் பெண். ஷா ஆலாம் அரங்கம் திறந்து சில ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அப்பா, சித்தப்பா, அவருடைய கூட்டாளிகள் என ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்புவார்கள், நானும் போவேன். "பொட்டப்பிள்ளையைப் பந்து பார்க்கக் கூட்டிப்போறியே" என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோது, "அவளுக்குத்தான் ஆப்சைடு ஒழுங்கா தெரியுது, உனக்குத் தெரியல" என்றார் அப்பா. இன்று அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. திடலில் இறங்க முடியாது. ஆனால், ஞாயிறு மாலையில் என் மகள் பூப்பந்து ஆடும் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புள்ளி எண்ணுகிறார். கைகால் நன்றாக இருந்தபோது கற்ற ஆசை, அவை ஓய்ந்தபோதும் துணைக்கு வருகிறது. தோட்டத் தொழிலாளி தம் பிள்ளைக்குக் கொடுத்த சொத்து இது.

இந்தச் சொத்து இனி எந்த வழியாகக் கைமாறும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்களோடு திடல்களும் போயின. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருப்புச் சந்துகளில் பந்தடித்த தலைமுறை ஒன்று இருந்தது. பழைய இரயில்வே முற்றத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது, பின்னர் அந்தக் குடியிருப்புகளும் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள். கீழே கார் நிறுத்துமிடம். "பந்து விளையாடக் கூடாது" என்று அறிவிப்புப் பலகை. வீட்டில் இடமில்லை, தெருவில் இடமில்லை. மிச்சம் இருப்பது பள்ளி ஒன்றுதான். அங்கேயும் நாம் கதவைச் சாத்தினால்?

"எங்கள் பள்ளியில் திடலே இல்லையே" என்பார்கள். உண்மைதான், சிறு நிலத்தில் நெருக்கிக் கட்டிய தமிழ்ப்பள்ளிகள் பல. ஆனால், கபடிக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். காலைச் சபைகூடல் நடக்கும் இடம் அதைவிடப் பெரியது. கயிறு தாண்ட அதுகூட வேண்டியதில்லை.

போட்டி விளையாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கொரு முறை கூடாரம், ஒலிபெருக்கி, பிரமுகருக்கு மாலை, அணிவகுப்பு எல்லாம் உண்டு. ஓடுபவர்கள் யார்? முப்பது நாற்பது பிள்ளைகள். அவர்களே நூறு மீட்டர், அவர்களே நீளம் தாண்டுதல், அவர்களே அஞ்சல் ஓட்டம். மற்றவர்கள் வெயிலில் அமர்ந்து காகிதக் குஞ்சத்தை ஆட்டுகிறார்கள். பருமனான பையனையும் கூச்சப்படும் சிறுமியையும் "நீ உட்கார்" என்று ஆறாண்டு சொல்லிவிட்டு, "நம் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை" என்று மேடையில் அங்கலாய்ப்பது என்ன நியாயம்?

வேறொரு வாதமும் உண்டு. "என்ன விளையாடினாலும் நம்மவர்களைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்" என்பது. தேர்வுக் குழுக்களைப் பற்றிய மனக்குறை நம் சமூகத்தில் ஆழமானது. அதைப் பேசவேண்டிய இடத்தில் உரக்கவே பேசுவோம். ஆனால், நம் பள்ளிக் கால அட்டவணையிலுள்ள உடற்கல்வி வேளையை எந்தத் தேர்வுக் குழு வந்து பறித்தது? அதை எடுத்துக்கொண்டது நம் கையிலிருந்த சிவப்புப் பேனா அல்லவா?

உடல்நலக் கணக்கையும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டில் 5 முதல் 17 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். நீரிழிவில் எல்லா இனங்களையும் முந்தி நிற்பவர்கள் இந்தியர்கள். அந்த 2019 ஆய்வில் நம் பெரியவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. நாமோ வாரத்தில் கிடைக்கும் சொற்ப நிமிடங்களிலும் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்கிறோம்.

தலைமையாசிரியர்களே, உடற்கல்வி வேளையில் வேறு பாடநூல் திறக்கக் கூடாது என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வரி சொல்லுங்கள். போட்டி விளையாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதேனும் ஒரு நிகழ்வு என்று விதி செய்யுங்கள். பெற்றோரே, இன்றிரவு பிள்ளையிடம் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்த வாரம் உடற்கல்வி நடந்ததா? என்ன விளையாடினீர்கள்?" என்றும் கேளுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால், மறுநாள் காலையில் பள்ளி அலுவலகத்துக்கு வந்து காரணம் கேளுங்கள். கணிதத்தில் இரண்டு புள்ளி குறைந்தால் உடனே வருகிறீர்களே!