ஊசியில் வரும் இளமை

நாற்பதைத் தாண்டிய ஆண்கள் ஜிம்முக்குப் போவது நல்ல செய்திதான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வேலை முடிந்த கையோடு எடை தூக்கப் போகிறவர்கள் நிறைய பேர். ஆனால் மூன்று மாதம் தூக்கியும் தொப்பை அசையவில்லை என்றால், "ஒரு கோர்ஸ் போட்டுப் பாருங்க அண்ணே" என்று யாராவது காதோரம் சொல்வார்கள். அங்கேதான் கணக்கு மாறுகிறது.

ஸ்டீராய்டில் இரண்டு வகை உண்டு. வீக்கத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் டாக்டர் தருவது ஒன்று. தசை வளர்க்கப் போடுவது இன்னொன்று. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் அதைப்போலச் செயற்கையாகச் செய்தவையும் இதில் சேரும். 2014-இல் நம் பூப்பந்து வீரர் டத்தோ லீ சோங் வெய் சிக்கியது முதல் வகையில். அவர் சாப்பிட்ட சத்து மாத்திரையின் உறை வழியாக அது உடலுக்குள் போனது என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 8 மாதத் தடை விழுந்தது. உலகின் முதல் நிலை ஆட்டக்காரருக்கே மாத்திரைக்குள் இருந்தது தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், "போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை எண்ணி, விதைப்பைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும்; சிலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. நல்ல கொழுப்பு சரியும், இரத்தம் கெட்டியாகும், இதயத் தசை தடிக்கும். கையில் ஏறும் தசையைக் கண்ணாடி காட்டும். இதயத்தில் ஏறுவதைக் காட்டாது.

நம்மவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் பத்துக்கு மூவர். ஏற்கெனவே சுமை ஏறிய இதயத்தின் மேல் இன்னொரு மூட்டையா?

ஹார்மோன் சிகிச்சையே கூடாது என்று சொல்லவில்லை. உண்மையிலேயே குறைபாடு உள்ளவர்களுக்கு டாக்டர் தருவது வேறு விஷயம். 45 முதல் 80 வயது வரையிலான, ஹார்மோன் குறைந்த, இதய நோய் ஆபத்துள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2023-இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத் துடிப்பு, நுரையீரலில் இரத்தக் கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடின. அதுவும் மருத்துவ அளவில், கண்காணிப்பில். ஜிம்மில் போடுவது அதைப்போலப் பல மடங்கு.

சோர்வு, ஆசைக் குறைவு என்றால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். காலை நேர இரத்தப் பரிசோதனை, வேறு வேறு நாளில் இரண்டு முறை. கூடவே சர்க்கரை, அழுத்தம், தூக்கம். தொப்பையும் தூக்கக் குறைவுமே ஹார்மோனை இறக்கும். பலருக்கு இடை குறைந்தாலே அது ஏறும். மாத்திரை வாங்கினால் அட்டையில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹாலோகிராம் ஒட்டியையும் பாருங்கள்.

அடுத்த முறை யாராவது "கோர்ஸ்" என்றால் ஒன்று கேளுங்கள்: "உங்க இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே அண்ணே?"